லங்கார் சாலைப் பள்ளியும் தோட்டத்துப் பையன்களும்

அலோர்ஸ்டார் பட்டணத்தை விட்டு லங்கார் சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஒரு பெரிய ஆண்கள் பள்ளி வரும். வெள்ளைச் சட்டை, பச்சை நீளக் கால்சட்டை போட்ட பையன்கள் காலையில் கும்பலாக இறங்குவார்கள். அதுதான் சுல்தான் அப்துல் ஹமிட் கல்லூரி. பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது இடைநிலைப்பள்ளிதான். இந்நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானும் நான்காவது பிரதமர் மகாதீரும் படித்த பள்ளி. மாமன்னர் அரியணையில் 1970இலும் 2011இலும் என இரண்டு முறை அமர்ந்த ஒரே சுல்தானான கெடா சுல்தான் அப்துல் ஹலிமும் இங்கே படித்தவரே.

இவ்வளவு பெருமை உள்ள பள்ளி நம் மாநிலத்தில் இருக்கிறது. ஆனால் கெடாத் தோட்டங்களில் வளர்ந்த ஐம்பது, அறுபது வயதுக்காரர்களிடம் “நீங்கள் அங்கேயா படித்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. இன்று ஆறாம் ஆண்டில் மகனை வைத்திருக்கும் பெற்றோருக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு.

பள்ளி தொடங்கியது 1908இல். அப்போது கெடாவில் வெள்ளைக்காரன் ஆட்சி இல்லை. மாநிலம் சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. மறு ஆண்டு, 1909 மார்ச் மாதம், பாங்காக்கில் கையெழுத்தான ஆங்கிலோ–சயாம் ஒப்பந்தத்தின்படிதான் கெடா பிரிட்டிஷார் பக்கம் வந்தது. ஆக, நாம் எண்ணுவதுபோல் துரைமார் வந்து திறந்த பள்ளி அல்ல இது. பினாங்கு பக்கத்தில் ஆங்கிலம் வளர்வதைப் பார்த்த கெடா அரசு, தன் அலுவலகங்களுக்குத் தன் பிள்ளைகளையே தயார் செய்ய நினைத்தது. அரசாங்க ஆங்கிலப் பள்ளி என்பதே முதல் பெயர். சுல்தானின் பெயர் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

அதற்கு முதல் தலைமையாசிரியர் முகமட் இஸ்கண்டர். மகாதீரின் தந்தை. அவருடைய தகப்பனார் வழி கேரளத்திலிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. மகன் பிறப்பதற்கு முன்பே அவர் இந்த வேலையை விட்டுவிட்டு அரசாங்கக் கணக்காய்வுப் பக்கம் போய்விட்டார் என்றாலும், வீட்டில் வாத்தியார் கண்டிப்பு குறையவே இல்லை என்று மகாதீர் பல முறை சொல்லியிருக்கிறார். அவர் பிறந்த வீடு லோரோங் கிலாங் ஆயிஸில் இன்றும் காட்சியகமாக இருக்கிறது. அலோர்ஸ்டார் போகிறவர்கள் ஒரு முறை எட்டிப் பார்க்கலாம். பெரிய மாளிகை எல்லாம் இல்லை, பலகை வீடு.

துங்குவின் கதை வேறு மாதிரி. அரச குடும்பத்துப் பிள்ளை என்பதால் வேலைக்காரர் தோளில் ஏறிக்கொண்டு பள்ளிக்குப் போனார் என்று சொல்வார்கள். மகாதீர் நடந்து போனவர். சுற்றுப்புறத்து மலாய்ப் பையன்களுக்கு ஆங்கிலப் பள்ளியில் இடம் கிடைப்பது அவ்வளவு எளிதல்ல. தேர்வு எழுதித்தான் உள்ளே போக வேண்டும். தோளில் வந்தவரும் நடந்து வந்தவரும் ஒரே பள்ளியில் இருந்து பிரதமர் ஆனதைத்தான் அந்தப் பள்ளி இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

சரி, நம்மவர் எங்கே?

கெடாவின் வரைபடத்தை மனத்தில் விரித்துப் பாருங்கள். வடக்கே அலோர்ஸ்டார், குபாங் பாசு, யான் பக்கமெல்லாம் நெல்வயல். ரப்பர்த் தோட்டங்கள் இருந்தது தெற்கிலும் கிழக்கிலும்தான். கோலமூடா, கூலிம், பண்டார் பாரு, பாலிங். பீடோங், பாடாங் செராய், கோலக்கெட்டில், காராங்கான், லுனாஸ் என்று நாம் சொல்லும் ஊர்ப்பெயர்களெல்லாம் அந்தப் பக்கத்தவை. சுங்கைப்பட்டாணியிலிருந்து அலோர்ஸ்டாருக்கு அறுபது கிலோமீட்டர் அளவு தூரம். கூலிமிலிருந்து இன்னும் அதிகம். காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு நிற்கும் அப்பா, பையனை எப்படி அங்கே அனுப்புவார்?

அலோர்ஸ்டாரில் தமிழர் இல்லாமல் இல்லை. 1915இல் ரயில் அந்த ஊரை எட்டியதும் ரயில்வே ஆட்கள் வந்தார்கள். பொதுப்பணி இலாகாவிலும் நகராட்சியிலும் வேலை செய்தவர்கள், கடைக்காரர்கள், செட்டியார்கள், கிராணிமார்கள், யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த அலுவலகப் பணியாளர்கள் என்று ஒரு சின்னச் சமூகம் இருந்தது. பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் படித்த இந்தியப் பையன்கள் பெரும்பாலும் இவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஆகவே கெடாவில் ஒரே காலத்தில் இரண்டு விதத் தமிழ்ப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஒருவனுக்கு ஏழு வயதில் ஆங்கிலம். இன்னொருவனுக்குத் தோட்டத்துக் கொட்டகையில் தமிழ் அரிச்சுவடி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது கோயில் திருவிழாவில் மட்டும்தான் என்று சொன்னால் மிகையாகாது.

1920களின் தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிர்வாகத்தைப் பள்ளி நடத்தச் சொன்னது உண்மை. ஆனால் எப்படிப்பட்ட பள்ளி? லயத்துக்கு ஓரமாக ஒரே ஓர் அறை, எல்லா வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். பல இடங்களில் கணக்கெழுதும் கிராணியோ கங்காணியோ அந்த ‘ஆசிரியர்’. ஆறு ஆண்டு முடிந்தால் அதற்கு மேல் தமிழில் படிக்க ஒன்றுமில்லை. ஆங்கிலப் பள்ளிக்குப் போகலாம் என்றால் வயது தாண்டியிருக்கும், மொழி தெரியாது, மாதச் சம்பளம் கட்ட வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன் அம்மாவோடு நிரைக்குப் போனான். கோப்பை துடைத்தான், ஒட்டுப்பால் பொறுக்கினான். தோட்டத்துக்குத் தேவையான வேலையாள் தோட்டத்திலேயே வளர்ந்தான். இதைத் திட்டமிட்ட சூழ்ச்சி என்று சொல்பவர்கள் உண்டு. என் கணிப்பில் அவ்வளவு யோசனைகூடத் தேவைப்படவில்லை. யாரும் எதையும் செய்யாமல் விட்டாலே போதும், அப்படித்தான் முடியும்.

தெற்குக் கெடாவில் பட்டணங்களை அடுத்து வேறு ஆங்கிலப் பள்ளிகள் வந்தன. சுங்கைப்பட்டாணியில் துங்கு இப்ராஹிம் பெயரைத் தாங்கிய இப்ராஹிம் பள்ளி, கூலிமில் சுல்தான் பட்லிஷா பெயரைத் தாங்கிய பள்ளி, கிறித்துவ மிஷன்கள் நடத்தியவை. தோட்டத்தில் ‘படித்த வீடு’ என்று சொல்லப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள், அதாவது கிராணி வீடு, மருந்துக்கார ஐயா வீடு, சில கங்காணி வீடுகள், இப்பள்ளிகளுக்கு முதலில் போனார்கள். சைக்கிளில் செம்மண் சாலையைக் கடந்து பஸ் நிற்கும் முச்சந்திவரை வந்து, சைக்கிளை மளிகைக்கடையில் விட்டுவிட்டுப் பஸ் ஏறுவது அந்நாளைய வழக்கம். மழை நாளில் காலணியைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வந்து, பஸ்ஸில் ஏறியதும் மாட்டிக்கொண்ட கதையை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். ஜித்ராவில் பிரிட்டிஷ் படை நிற்க முடியாமல் பின்வாங்கியது. சில நாளில் அலோர்ஸ்டார் போயிற்று. அப்போது துங்கு கூலிமில் மாவட்ட அதிகாரி. சுல்தானைப் பினாங்கு வழியாக வெளியே கொண்டுபோகும் ஏற்பாட்டைக் குலைத்து, காரைக் கூலிமுக்குத் திருப்பிவிட்ட சம்பவம் சரித்திரப் புத்தகங்களில் உண்டு. ஆங்கிலப் பள்ளிகள் மூடப்பட்டன. இளைஞர் மகாதீர் பெக்கான் ராபுச் சந்தையில் காப்பியும் வாழைப்பழப் பலகாரமும் விற்றார். 1943இல் கெடாவைச் சயாமிடமே ஒப்படைத்தது ஜப்பான். தோட்டத்துப் பக்கத்தில் நடந்தது வேறு. இதே கெடாவிலிருந்து எத்தனையோ நம்மவர் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஏற்றிச் செல்லப்பட்டுத் திரும்பவில்லை. போர் முடிந்து பள்ளிக்கூட மணி மறுபடி அடித்தபோது அலோர்ஸ்டார் மாணவர்கள் விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்ந்தார்கள். மகாதீர் 1946இல் சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதி, 1947இல் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அதே வயதுத் தோட்டப் பையன் தகப்பன் இல்லாத வீட்டில் பால்வாளி தூக்கிக்கொண்டிருந்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. உடனே அல்ல. ஆறாம் வகுப்பு முடித்தவர்கள் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. தேர்ச்சி பெற்றவர் மூன்றில் ஒரு பங்கு அளவே. மற்றவர்களுக்கு அத்தோடு சரி. அந்தத் தேர்வு 1964இல் எடுக்கப்பட்டது. 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம்வரை போகலாம் என்றானது. நம் சமூகத்தின் கல்வி வரலாற்றில் இந்த ஆண்டைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. 1957ஐப் பேசுகிறோம், 1969ஐப் பேசுகிறோம். ஆனால் தோட்டத்துப் பையன் முதல் முறையாகக் கும்பலாகப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குள் காலை வைத்தது 1965இல்தான்.

ஏறக்குறைய அதே காலத்தில் தோட்டத் துண்டாடலும் நடந்தது. துரைமார் தோட்டத்தை விற்க, வாங்கியவர் கூறு போட்டார். தங்கவே இடமில்லாத குடும்பம் பிள்ளை படிப்பை எங்கே நினைக்கும்? துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் கூலிம் பக்கத்திலுள்ள புக்கிட் சிடிம் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்ந்த தொழிலாளர்களின் காசு அது.

உள்ளே போன பையனுக்குக் காத்திருந்தது புகுமுக வகுப்பு. தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வருபவர்கள் முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு இதில் இருந்து மொழி கற்க வேண்டும். முதலில் ஆங்கிலத்துக்காகவும் பிறகு மலாய்க்காகவும் இருந்த வகுப்பு. ஆங்கிலவழிப் பள்ளிகள் 1970இல் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. 1976இல் முதலாம் படிவம், 1980இல் ஐந்தாம் படிவம் என்று மாற்றம் ஏறிவந்தது. பழைய ஆங்கிலப் பள்ளிகள் பெயர்ப்பலகையையும் மரபையும் வைத்துக்கொண்டு உள்ளே மொழி மாறின. லங்கார் சாலைப் பள்ளியும் அப்படித்தான்.

நான் படித்தது வேறோர் ஊர்ப் பள்ளியில். பெயர் வேண்டாம். 1981இல் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த ஏறக்குறைய எல்லாரும் அங்கேதான் இருந்தோம். வகுப்பறை கூடைப்பந்துத் திடலுக்குப் பின்னால், கழிவறைக்குப் பக்கத்தில். முதல் நாள் ஆசிரியர் ஏதோ கேட்டார். எழுந்து நின்றேன், விளங்கவில்லை, ‘யா சிக்கு’ என்றேன். சிரிப்பு. அவர் கேட்டது என் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று. பிறகு பழகிவிட்டது. ஆனால் எங்களோடு வந்த பதினோரு பேரில் ஐந்தாம் படிவம் முடித்தவர்கள் நாலு பேர்தான். மற்றவர்கள் ஒரே நாளில் நிற்கவில்லை. முதலில் வாரம் ஒரு நாள் வரமாட்டார்கள். பிறகு இரண்டு நாள். மதியப் பள்ளி வேறு. ஆறரைக்கு மேல் விட்டால் தோட்டத்துக்கு உள்ளே போகும் கடைசி பஸ் கிடைக்காது, இருட்டில் செம்பனைக்குள் மூன்று மைல் நடக்க வேண்டும். ஒரு வருடம் மூத்தவன் என்ற கூச்சமும் உண்டு. மீசை முளைத்தவன் முதலாம் படிவத்தில் உட்கார்வது அவனுக்குத்தான் தெரியும்.

ஆண்கள் பள்ளி என்பதற்கென்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. காலையில் சபைகூடல்: நெகாராகூ, மாநிலப் பாட்டு, ருக்குன் நெகாரா. தலைமுடி காதைத் தொட்டால் கட்டொழுங்கு ஆசிரியர் கத்தரிக்கோலோடு வருவார். பிரம்பு தலைமையாசிரியர் அறையில். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை என்று திடல் முழுக்கக் கொடி. தோட்டத்துப் பையன்களுக்கு அங்கேதான் மரியாதை கிடைத்தது. குறுக்கோட்டத்தில் முன்னால் வருபவன் பெரும்பாலும் தினமும் நடந்து பள்ளிக்கு வந்தவனாக இருப்பான். காற்பந்திலும் ஹாக்கியிலும் அப்படியே. மலாய்ப் பையனும் சீனப் பையனும் நம் பையனும் ஒரே ஐஸ் தண்ணீர்ப் பொட்டலத்தைச் சுற்றிக் குடித்தது திடலில்தான், வகுப்பில் அல்ல. இன்னொன்று: கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை பள்ளி. கோலாலம்பூர்ச் சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் வைத்துவிட்டு ‘பையன் ஏன் வரவில்லை’ என்று கேட்பார்கள்.

தமிழ்மொழிக் கழகம் இருந்த பள்ளிகளில் நிலைமை கொஞ்சம் மாறும். பொங்கலுக்கு ஒரு பானை, பேச்சுப் போட்டி, நாடகம். வீட்டிலும் தோட்டத்திலும் பேசிய மொழிக்கு அந்தப் பெரிய பள்ளியில் ஓர் அறை உண்டு என்று தெரிந்தாலே பையன் நிமிர்ந்து உட்காருவான். இங்கே பெற்றோர் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இடைநிலைப்பள்ளியில் தமிழ் தானாக வராது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலும் பின்னர் 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சொல்லப்பட்டபடி, 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்த இடமுண்டு. கேட்டால் என்பதைக் கவனியுங்கள். பதினாலு பேர் கையெழுத்தோடு நின்றுபோன வகுப்புகள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. “எஸ்.பி.எம்.இல் தமிழ் எடுத்தால் புள்ளி குறையும்” என்று பயமுறுத்துகிறவர்கள் எப்போதும் உண்டு. ஆனால் ஆசிரியர் கல்விக் கழகத்துக்குப் போய்த் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேண்டுமென்றால் எஸ்.பி.எம். தமிழில் நல்ல தேர்ச்சி வேண்டும். பிள்ளை பதினேழு வயதில் எடுக்கும் முடிவுக்கு வழி பதின்மூன்று வயதிலேயே திறந்தோ அடைத்தோ போகிறது.

புகுமுக வகுப்பும் முன்போல் இல்லை. 1988இல் யூ.பி.எஸ்.ஆர். வந்த பிறகு, மலாய்மொழியில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெற்ற தமிழ்ப்பள்ளி மாணவர்கள் நேராக முதலாம் படிவத்துக்குப் போனார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இரவு வகுப்பு வைத்துப் பாடுபட்டதன் பலன் அது. 2021இல் அந்தத் தேர்வும் நீக்கப்பட்டது. இப்போது பள்ளி அளவிலான மதிப்பீடுதான். தேர்வு இல்லை என்று பெற்றோர் நிம்மதி அடைந்தார்கள். எனக்கு அதில் அரை மனம்தான். தேர்வு இருந்தபோது மகனின் மலாய் எந்த நிலையில் இருக்கிறது என்பது நவம்பரில் ஒரு தாளில் தெரிந்துவிடும். இப்போது ஆசிரியரைப் போய்க் கேட்டால்தான் தெரியும். தோட்டத்து வேலையோ தொழிற்சாலை மாற்று நேர வேலையோ செய்யும் பெற்றோர் எத்தனை பேர் போய்க் கேட்கிறார்கள்?

மொழி விஷயத்தில் கொள்கை மாறிக்கொண்டே இருந்ததும் நம் பிள்ளைகளைத்தான் அதிகம் அலைக்கழித்தது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்று வந்தது. கொண்டுவந்தவர் லங்கார் சாலைப் பள்ளியின் பழைய மாணவரான பிரதமர். 2012 முதல் அது படிப்படியாகத் திரும்பப் பெறப்பட்டது. தமிழில் கணிதம், பிறகு ஆங்கிலத்தில் கணிதம், இடைநிலைப்பள்ளியில் மலாயில் கணிதம் என்று மூன்று மொழியில் வாய்பாடு சொன்ன பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

இன்று தோட்டங்கள் பல இல்லை. சுங்கைப்பட்டாணியைச் சுற்றிப் பால்மரம் நின்ற இடமெல்லாம் வீடமைப்புப் பகுதி. லயத்துக் குடும்பம் அடுக்குமாடிக்குப் போய்விட்டது, பள்ளி நடக்கும் தூரத்தில் இருக்கிறது. இருந்தும் மூன்றாம், நான்காம் படிவத்தில் பையன் நிற்பது ஓயவில்லை. முன்பு பஸ் இல்லாததால் நின்றான். இப்போது கையில் மோட்டார் சைக்கிள் இருப்பதால் நிற்கிறான். உணவு கொண்டுபோய்க் கொடுத்தால் அன்றைக்கே காசு. பெண்பிள்ளைகள் அதே வீட்டிலிருந்து படித்து முன்னேறிக்கொண்டிருப்பதை நாம் எல்லாரும் பார்க்கிறோம்.

ஆறாம் ஆண்டில் மகனை வைத்திருப்பவர்கள் ஆண்டு நடுவிலேயே மூன்று காரியத்தை முடித்துக்கொள்வது நல்லது. வகுப்பாசிரியரைப் பார்த்து மலாயில் அவன் நிலையைக் கேளுங்கள். மாவட்டக் கல்வி அலுவலகம் எந்த இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பும் என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு, அந்தப் பள்ளி மதியமா காலையா, பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். அங்கே தமிழ் வகுப்பு உண்டா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். இல்லையென்றால் அதே பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பப்போகும் பதினான்கு வீடுகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஜனவரியோ மார்ச்சோ, பள்ளி திறந்த பிறகு தேடினால் நேர அட்டவணை போட்டு முடித்திருப்பார்கள்.